நீல பம்பா, கூட்டு இன்ஹேலரா, மாத்திரையா? மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள்: ஓர் ஒப்பீடு

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது: “பல வருஷமாக இந்த நீல பம்பைத்தான் அடிக்கிறேன், அடித்த ஐந்து நிமிஷத்தில் மூச்சு வந்துவிடுகிறது. இப்போது டாக்டர் வேறொன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். விலையும் கூடுதல், ஸ்டீராய்டு வேறு இருக்கிறதாம். பழையதையே வைத்துக்கொண்டால் என்ன?” இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம், இந்தக் கேள்விக்குள் இரண்டு தேர்வுகள் பின்னிக் கிடப்பதுதான். எந்த மருந்து என்பது ஒன்று. அதை நுரையீரலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவி எது என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் பேச்சு தெளிவாகும்.

அதற்கு முன் நோயைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் இரண்டு விதமாகக் குறுகுகிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. அதே நேரத்தில் குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கிச் சளியையும் சுரக்கிறது. மூச்சுக்குழாய் விரிப்பு மருந்து எனப்படுபவை முதலாவதை மட்டுமே சரிசெய்கின்றன. தசை தளர்கிறது, காற்று உள்ளே போகிறது, நோயாளிக்கு உயிர் வந்ததுபோல் இருக்கிறது. வீக்கமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஓர் உண்மையிலிருந்து கிளைப்பதுதான்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வேகம்: மூச்சுத் திணறும்போது எத்தனை நிமிடத்தில் ஆறுதல் கிடைக்கிறது? இரண்டாவது, அடுத்த தாக்குதலைத் தடுக்கிறதா என்பது. பெரும்பாலான நோயாளிகள் முதலாவதை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். என் கணிப்பில் இரண்டாவதற்குத்தான் அதிக எடை கொடுக்க வேண்டும். மூன்றாவது, பக்க விளைவு. நான்காவது, செலவு, இதில் குப்பியின் மேல் அச்சிட்ட விலையைக் காட்டிலும், ஒரு குப்பி எத்தனை நாள் வருகிறது, அது தவறவிட்ட தாக்குதலுக்காக ஆண்டில் எத்தனை இரவுகளை மருத்துவமனையில் கழிக்க நேர்ந்தது என்பவற்றையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஐந்தாவது, நோயாளியின் கையும் மூச்சும்: மூட்டுவலி உள்ள பாட்டியின் விரல்களுக்கும் 4 வயதுக் குழந்தையின் மூச்சுக்கும் ஒரே கருவி பொருந்தாது.

## வழி ஒன்று: தேவைப்படும்போது சால்பூட்டமால் மட்டும்

நீல பம்ப் என்று பொதுவாகச் சொல்லப்படுவது சால்பூட்டமால் இன்ஹேலர். ஒவ்வொரு பஃப்பிலும், அதாவது ஒவ்வொரு முறை அழுத்தும்போதும், 100 மைக்ரோகிராம் மருந்து வெளிவரும். ஐந்து நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கும், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். லெவோசால்பூட்டமாலும் இதே இனம்தான். (நிறத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும். மேலே எழுதியிருக்கும் மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும்.)

வேகம், விலை என்ற இரண்டு அளவுகோல்களிலும் இது முன்வரிசையில் நிற்கிறது. 1969-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோது, இதயத்தை அதிகம் படபடக்கச் செய்யாமல் மூச்சுக்குழாய்த் தசையைத் தேர்ந்து தளர்த்தும் மருந்து என்பதே இதன் பெருமையாக இருந்தது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த ஐசோபிரெனலின் இதயத்தையும் சேர்த்துத் தூண்டியது. 1960-களில் அதன் வீரியம் கூடிய வடிவம் விற்கப்பட்ட பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென உயர்ந்தன. பத்தாண்டு கழித்து நியூசிலாந்தில் ஃபெனோட்டெரால் என்ற இன்னொரு வீரியமான விரிப்பு மருந்து அறிமுகமானபோதும் மரணங்கள் ஏறின. 1989-இல் ஆய்வு முடிவுகள் வெளிவந்து, அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்ட பின்னரே இறங்கின. வேகமான ஆறுதல் தரும் மருந்தைத் தனியாக நம்பியிருப்பதன் ஆபத்து, ஆக, இன்று நேற்றுத் தெரியவந்த ஒன்றல்ல.

சால்பூட்டமால் அந்த இரண்டையும்விடப் பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. இருந்தும் இதன் மறைசெலவு இதன் வெற்றியிலேயே இருக்கிறது. அடித்ததும் சரியாகிவிடுவதால், உள்ளே வீக்கம் வளர்வது தெரிவதில்லை. தொடர்ந்து பயன்படுத்தும்போது, மருந்து பற்றிக்கொள்ளும் பீட்டா-2 ஏற்பிகள் குறைந்து, அதே பஃப்புக்கு முன்பு கிடைத்த பலன் கிடைப்பதில்லை. நோயாளி பஃப்பைக் கூட்டுகிறார். ஜினா என்று அழைக்கப்படும் உலக ஆஸ்துமா முன்முயற்சி அமைப்பு, ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட 200-பஃப் குப்பிகளைத் தீர்ப்பவருக்கு அவசரச் சிகிச்சைக்குப் போக நேரும் வாய்ப்பு கூடுகிறது என்றும், பன்னிரண்டு அல்லது அதற்கு மேல் தீர்ப்பவருக்கு மரண ஆபத்தே கூடுகிறது என்றும் எச்சரிக்கிறது. மூன்று குப்பி என்பது கேட்க அதிகமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு இரண்டு பஃப்கூட வராது. மாதம் ஒரு குப்பி வாங்கிச் செல்பவர்களை எனக்கு முகம் தெரியும். அவர்களில் ஒருவர்கூடத் தம்மைக் கடுமையான ஆஸ்துமாக்காரர் என்று நினைத்துக்கொண்டதில்லை.

2019-இல் ஜினா தன் பரிந்துரையை மாற்றியது: பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும், நோய் எவ்வளவு இலேசாக இருந்தாலும், சால்பூட்டமால் போன்றவற்றைத் தனி மருந்தாகக் கொடுக்கக் கூடாது. ஐம்பது ஆண்டுகளாக ‘இலேசான ஆஸ்துமாவுக்கு நீல பம்ப் போதும்’ என்று சொல்லிவந்த மருத்துவ உலகம், அந்த ஆண்டில்தான் தன் பேச்சைத் திருத்திக்கொண்டது. ஆகவே பழைய சீட்டோடு வருபவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இந்த வழி பொருந்தும் இடம் குறுகலானது. சளி பிடிக்கும்போது மட்டும் அபூர்வமாக வீசிங் வரும் சிறு குழந்தைகளுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் இதுவே போதுமானதாக இருக்கலாம். மற்றவர்களுக்கு இது கைவசம் இருக்க வேண்டிய மருந்துதான்; கையில் இருக்கும் ஒரே மருந்தாக இருக்கக் கூடாது.

## வழி இரண்டு: தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர், திணறும்போது சால்பூட்டமால்

இதில் வீக்கத்துக்கும் தசைக்கும் தனித்தனி மருந்து. காலை, மாலை பியூடெசோனைடு, ஃப்ளூட்டிகாசோன் போன்ற இன்ஹேலர் ஸ்டீராய்டு. இடையில் மூச்சு இறுகினால் நீல பம்ப். தேவைப்பட்டால் தினசரி இன்ஹேலரிலேயே சால்மெட்டெரால் போன்ற நீண்டநேர விரிப்பு மருந்தும் சேர்ந்திருக்கும்.

காகிதத்தில் இது குறையில்லாத ஏற்பாடு. தாக்குதலைத் தடுக்கிறது, அன்றாட மூச்சைச் சீராக வைக்கிறது. 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தொடர் சிகிச்சை தேவைப்படும்போது முதன்மையான வழியும் இதுதான். இதன் பலவீனம் மனித இயல்பில் இருக்கிறது. தினசரி மருந்தை அடித்தால் உடனே எதுவும் தெரியாது. நீல பம்பை அடித்தால் தெரியும். இரண்டு வாரம் நன்றாக இருந்ததும் பலர் எதை நிறுத்துகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பலன் கண்ணுக்குத் தெரியாத, விலை கூடிய, ஸ்டீராய்டு என்ற பெயரால் அச்சமூட்டும் மருந்தைத்தான். நிறுத்திய பின் அவர் அறியாமலேயே வழி ஒன்றுக்குத் திரும்பிவிடுகிறார்.

அந்த அச்சத்தைப் பற்றி ஒரு கணக்கு. கடுமையான தாக்குதலுக்காக மருத்துவர் கொடுக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரை பெரியவருக்கு ஒரு நாளைக்கு 40 மி.கி. அளவில் இருக்கும், அதாவது 40,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப் பியூடெசோனைடு 200 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு வீரியமுள்ள மருந்துகள் என்பதால் எண்ணை எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனால் முதலாவது உடல் முழுதும் சுற்றுகிறது, இரண்டாவதில் பெரும்பங்கு போய்ச் சேர வேண்டிய இடத்திலேயே வேலை செய்கிறது. வாழ்நாளில் நான்கைந்து முறை மாத்திரை ஸ்டீராய்டு எடுத்தாலே எலும்புத் தேய்மானம், சர்க்கரை நோய், கண்புரை ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. இன்ஹேலரைத் தவிர்ப்பவர் ஸ்டீராய்டைத் தவிர்ப்பதில்லை. பெரிய அளவில் வாங்குவதற்காகத் தள்ளிப்போடுகிறார். இன்ஹேலர் ஸ்டீராய்டால் வழக்கமாக வருபவை வாயில் வெண்படலமும் குரல் கம்மலும். அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் இவை பெருமளவு குறையும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே சொல்லப்பட வேண்டும். சால்மெட்டெரால் போன்ற நீண்டநேர விரிப்பு மருந்தை ஸ்டீராய்டு இல்லாமல் தனியாக ஆஸ்துமாவுக்கு எடுக்கவே கூடாது. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 26,000-க்கும் மேற்பட்டோரில் பாதிப்பேருக்கு, ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையோடு சால்மெட்டெரால் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அந்தப் பாதியில் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் 13 பேர், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத இன்ஹேலர் பெற்ற பாதியில் 3 பேர். ஸ்டீராய்டும் அதுவும் ஒரே குப்பியில் சேர்ந்திருக்கும்போது அந்த ஆபத்து இல்லை என்று பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டின.

## வழி மூன்று: பியூடெசோனைடும் ஃபார்மோட்டெராலும் ஒரே இன்ஹேலரில்

ஃபார்மோட்டெராலின் தனித்தன்மை என்னவென்றால், அது சால்பூட்டமாலைப் போல விரைவாக, மூன்று நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கி, சால்மெட்டெராலைப் போலப் பன்னிரண்டு மணி நேரம் தாங்குகிறது. ஆகவே பியூடெசோனைடோடு சேர்ந்த கூட்டு இன்ஹேலரைத் திணறலின்போதும் அடிக்கலாம். மூச்சு இறுகும் ஒவ்வொரு முறையும், நோயாளி கேட்காமலேயே, வீக்கத்துக்கான மருந்தும் உடன் போய்விடுகிறது. மனித இயல்பை எதிர்த்துப் போராடாமல் அதையே பயன்படுத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நான் முதலில் படித்தபோது, இத்தனை எளிய யோசனைக்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்றுதான் தோன்றியது.

இலேசான ஆஸ்துமாவில் இதை வேண்டும்போது மட்டும் அடிக்கலாம். நடுத்தர, கடுமையான ஆஸ்துமாவில் காலை மாலை அடித்து, இடையில் தேவைப்பட்டாலும் இதையே அடிக்கலாம். 2018-இல் வெளியான சிக்மா-1 ஆய்வில், விரைவு விரிப்பு மருந்தான டெர்பியூட்டலினை மட்டும் வேண்டும்போது அடித்தவர்களைவிட, இந்தக் கூட்டு மருந்தை வேண்டும்போது அடித்தவர்களுக்குக் கடுமையான தாக்குதல்கள் 64% குறைந்தன. மறுஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், சால்பூட்டமாலோடு ஒப்பிடும்போது தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகின. தினமும் பியூடெசோனைடு எடுத்தவர்களோடு சிக்மா-2 ஆய்வில் ஒப்பிட்டபோது, கடுமையான தாக்குதல்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. உள்ளே போன ஸ்டீராய்டோ கால்பங்குதான். ஸ்டீராய்டைக் கண்டு அஞ்சுபவர் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

ஆனாலும் இது எல்லோருக்கும் எல்லா வகையிலும் மேலானது என்று சொல்லிவிட முடியாது. தினமும் ஸ்டீராய்டைத் தவறாமல் எடுப்பவரின் அன்றாட மூச்சு, வேண்டும்போது மட்டும் எடுப்பவரின் மூச்சைவிடச் சற்றே சீராக இருந்ததையும் அதே ஆய்வுகள் காட்டின. அதோடு, ‘கூட்டு இன்ஹேலர்’ என்ற பொதுப்பெயரே ஒரு பொறி. சால்மெட்டெரால் சேர்ந்த கூட்டு இன்ஹேலர் வேலையைத் தொடங்கப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும்; திணறலின்போது அதை அடித்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. சீட்டில் ‘ஃபார்மோட்டெரால்’ என்ற பெயர் இருந்தால்தான் இந்த வழி செல்லுபடியாகும். உச்சவரம்பும் உண்டு: ஒரு பஃப்பில் 6 மைக்ரோகிராம் ஃபார்மோட்டெரால் உள்ள குப்பியில், பெரியவர் ஒரு நாளில் மொத்தம் 12 பஃப்பைத் தாண்டக் கூடாது, அந்த எல்லையை நெருங்கும் முன்பே மருத்துவமனைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். வேண்டும்போது மட்டும் என்ற முறை 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கே.

செலவைப் பொறுத்தவரை, குப்பியின் விலை நீல பம்பைவிடக் கூடுதல்தான்; பஃப் எண்ணிக்கையும் 200-க்குப் பதில் பெரும்பாலும் 120. ஆனால் வாரம் இரண்டு மூன்று முறை மட்டும் தேவைப்படுபவருக்கு ஒரு குப்பி பல மாதம் வரும். சால்பூட்டமால், பியூடெசோனைடு, பியூடெசோனைடு–ஃபார்மோட்டெரால் ஆகிய மூன்றுமே இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. பெயர் பெற்ற பிராண்டின் விலை கட்டுப்படியாகாதவர், அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

## வழி நான்கு: மாத்திரை, சிரப்

இன்ஹேலர் பழகிவிடும், அதைப் பிடித்தால் விட முடியாது என்ற நம்பிக்கையால் மாத்திரையைக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரே ஒரு வகுத்தல்: சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மி.கி.; பஃப் ஒன்று 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரைக்கு நாற்பது பஃப். அந்த நாற்பது பங்கும் வயிறு, இரத்தம், இதயம் என்று ஊரெல்லாம் சுற்றிய பிறகே மூச்சுக்குழாயை எட்டும். அதற்கு அரைமணி நேரம் ஆகும். கைநடுக்கம், படபடப்பு, பொட்டாசியம் குறைவு ஆகியவை அதற்கான கூலி.

தியோஃபிலின் வகை மாத்திரைகளில் (டெரிஃபிலின் என்ற பெயரில் பல வீடுகளின் டப்பாவில் இருப்பது) பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிப்ரோஃபிளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்து எடுத்தால் இரத்தத்தில் இதன் அளவு ஏறும். புகைப்பவர் உடலில் அளவு குறையும். அவரே புகையை நிறுத்தினால் அதே மாத்திரையில் அளவு ஏறும். நல்ல காரியம் செய்தவருக்கு வாந்தியும் படபடப்பும் வந்து சேர்வது இப்படித்தான். மலிவு என்பதைத் தவிர இந்த வழிக்கு என்னால் பரிந்து பேச முடியவில்லை. இன்ஹேலர் கிடைக்கும் இடத்தில் முதல் தேர்வாக இது எவருக்கும் பொருந்தாது.

இழுக்கும் மருந்து என்பதே மேல்நாட்டுப் புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு செய்தி: ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கம் 1802-இல் சென்னையிலிருந்துதான் பிரிட்டனுக்குச் சென்றது. இன்று கடுமையான தாக்குதலில் சால்பூட்டமாலோடு சேர்த்துக் கொடுக்கப்படும் இப்ராட்ரோபியம், ஊமத்தையில் உள்ள அட்ரோபின் இனத்தைச் சேர்ந்த வேதிப்பொருளிலிருந்து உருவாக்கப்பட்டதே. ஊமத்தை கொடிய நஞ்சு என்பதால் இன்று அது ஒரு வழியே அல்ல. ஆனால் ஆஸ்துமாவுக்கு அதைப் புகையாக இழுப்பது நம்மிடமிருந்து போன யோசனைதான்.

| அளவுகோல் | சால்பூட்டமால் மட்டும் | தினசரி ஸ்டீராய்டு + சால்பூட்டமால் | பியூடெசோனைடு–ஃபார்மோட்டெரால் | மாத்திரை, சிரப் |
|---|---|---|---|---|
| ஆறுதல் தொடங்கும் நேரம் | 5 நிமிடத்துக்குள் | 5 நிமிடத்துக்குள் (சால்பூட்டமாலால்) | 1–3 நிமிடம் | சுமார் 30 நிமிடம் |
| அடுத்த தாக்குதலைத் தடுப்பது | இல்லை | உண்டு, தவறாமல் எடுத்தால் | உண்டு | நம்பத்தக்கதல்ல |
| பக்க விளைவு | நடுக்கம், படபடப்பு | வாய் வெண்படலம், குரல் கம்மல் | அதே. ஸ்டீராய்டு அளவு குறையலாம் | அதிகம் |
| மறைசெலவு | நோய் வளர்வது தெரியாது | தினசரி மருந்தை நிறுத்திவிடும் பழக்கம் | பெயர் குழப்பம், கூடுதல் விலை | பிற மருந்துகளோடு மோதல் |
| பொருந்துபவர் | அபூர்வ வீசிங் உள்ள சிறு குழந்தை | 6 வயதுக்குக் குறைந்தவர், ஒழுங்காக எடுப்பவர் | பெரும்பாலான பெரியவர், வளரிளம் பருவத்தினர் | இன்ஹேலரே கிடைக்காத இடம் |

## கருவியின் தேர்வு

மருந்து சரியாக அமைந்தும் பலன் கிடைக்காதவர்களிடம் நான் முதலில் கேட்பது, “என் எதிரில் ஒரு முறை அடித்துக் காட்டுங்கள்” என்பதுதான். ஒரு பெரியவர் மூன்று மாதமாக மருந்து வேலை செய்யவில்லை என்று வந்தார். பொடி நிரம்பிய கேப்சூல் புட்டி கையில் இருந்தது, அதை இழுக்கும் கருவி இல்லை. கேட்டபோது, கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கி வருவதாகச் சொன்னார்; கேப்சூல் என்றால் விழுங்குவதுதானே என்றார். அவரிடம் தவறில்லை. இழுப்பதற்கான கேப்சூல்களை நோயாளிகள் விழுங்கிவிடுவதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2008-இல் எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. விற்றவரும் எழுதியவரும் ஒரு நிமிடம் செலவிட்டுச் சொல்லியிருக்க வேண்டியது அது.

பம்ப் மட்டும். சட்டைப்பையில் அடங்கும். 1956-இல் அமெரிக்காவில் இது முதன்முதலில் விற்பனைக்கு வந்ததற்குத் தூண்டுகோல், ஆஸ்துமா இருந்த 13 வயதுச் சிறுமி, முடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தும் வரக் கூடாதா என்று, மருந்து நிறுவனத் தலைவரான தன் தந்தையிடம் கேட்டதுதான் என்பார்கள். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும் என்பதே இதன் சிக்கல். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, ஆழமாக இழுத்து முடித்துப் பத்து விநாடி அடக்க வேண்டும். உதட்டோரத்தில் வெண்புகை தெரிந்தால், அந்தப் பஃப் வீண். சரியாக அடித்தாலும் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில்தான் படியும். குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மிச்சத்தைக் கணிக்கும் பழக்கம் நம்பத்தக்கதல்ல. எண் காட்டும் குப்பியாக வாங்குவது, அல்லது வாங்கிய தேதியை அதன் மேல் எழுதிவைப்பது நல்லது.

பம்பும் ஸ்பேசரும். என் தேர்வைக் கேட்டால், வீட்டில் இருக்கும் எல்லா வயதினருக்கும் இதுதான். ஸ்பேசர் என்ற அந்தப் பிளாஸ்டிக் கூடு மருந்தைச் சில விநாடி தன்னுள் நிறுத்தி வைப்பதால், அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே கணத்தில் செய்ய வேண்டியதில்லை. தொண்டையில் படிவதும் குறைகிறது. ஒரு முறைக்கு ஒரே பஃப்தான் அடிக்க வேண்டும். இரண்டைச் சேர்த்து அடித்தால் கூட்டுக்குள்ளேயே படிந்துவிடும். சோப்புநீரில் கழுவிய பின், துடைக்காமல் அப்படியே உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் உள்சுவரில் நிலைமின்னூட்டம் உண்டாகி மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும். சிறு குழந்தைகளுக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டுச் செய்த ஸ்பேசரே குழந்தைகளுக்குக் கடையில் வாங்கியதற்கு இணையாக வேலை செய்தது. ஆகவே விலை ஒரு சாக்காக இருக்க முடியாது. பருமனாக இருப்பதால் பைக்குள் வைத்துக்கொள்ளக் கூச்சப்படுவதுதான் உண்மையான தடை.

பொடி இழுக்கும் கருவி. ரோட்டாஹேலர் போன்றவை. கேப்சூலை எண்ணி வாங்கலாம் என்பதால் ஒரே நாளில் பெரிய தொகை செலவிட வேண்டியதில்லை. உந்துவாயு இல்லாததால் சுற்றுச்சூழலுக்கும் தீங்கு குறைவு. ஆனால் இங்கே மருந்தை உள்ளே இழுக்கும் விசை நோயாளியின் மூச்சு மட்டுமே. வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பம்பிலோ மெதுவாக இழுக்க வேண்டும். காலையில் பொடியும் திணறும்போது பம்பும் என்று ஒரே ஆளிடம் இரண்டு விதக் கருவியைக் கொடுத்தால், இரண்டு பழக்கமும் கலந்துபோகும். எழுதிக்கொடுக்கும்போது பலர் கவனிக்கத் தவறும் மறைசெலவு இது. 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கடும் திணறலில் இழுக்கவே தெம்பில்லாதவருக்கும் இது பொருந்தாது. கருவிக்குள் ஊதினாலோ, ஈரத்தோடு கேப்சூலைப் போட்டாலோ பொடி கட்டிப்படும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் புட்டியின் மூடியைத் திறந்து வைத்தாலும் அதே கதைதான்.

நெபுலைசர். ‘புகை வைப்பது’ என்று வீடுகளில் சொல்லப்படும் இதற்கு இருக்கும் மதிப்பு, அதன் சத்தத்தாலும் உருவத்தாலும் வந்தது என்பது என் அபிப்பிராயம். இலேசான, நடுத்தரத் தாக்குதலில் ஸ்பேசர் வழியாக அடிக்கும் சில பஃப்களுக்கும் இதற்கும் பலனில் வித்தியாசமில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். குழந்தைகளில் ஸ்பேசருக்கு நாடித்துடிப்பு ஏற்றமும் குறைவு. நெபுலைசரில் ஒரு வேளைக்குச் செல்வது 2.5 மி.கி., அதாவது இருபத்தைந்து பஃப்புக்குச் சமமான மருந்து. மின்சாரம் வேண்டும், பத்து நிமிடம் உட்கார வேண்டும், கிண்ணத்தையும் குழாயையும் கழுவாவிட்டால் கிருமி குடியேறும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, வீட்டில் கருவி இருக்கும் தைரியத்தில் மருத்துவமனைக்குப் போவதை இன்னொரு முறை, இன்னொரு முறை என்று தள்ளிப்போடுவது. ஆக்சிஜன் தேவைப்படும் கடும் தாக்குதலிலும், ஸ்பேசரைப் பிடித்து ஒத்துழைக்க முடியாதவருக்கும் இது அவசியம். அந்த இடம் பெரும்பாலும் மருத்துவமனை.

## யாருக்கு எது

வாரம் ஓரிரு முறை இளைப்பு வரும் இளைஞருக்கு, வேண்டும்போது மட்டும் அடிக்கும் பியூடெசோனைடு–ஃபார்மோட்டெராலே என் முதல் பரிந்துரை. இரவில் விழிப்பு வருபவர், அண்மையில் மருத்துவமனையில் சேர்ந்தவர் ஆகியோர் அதையே தினமும் அடித்து, தேவைக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஸ்டீராய்டோடு சால்மெட்டெரால் சேர்ந்த இன்ஹேலரில் ஆண்டுக்கணக்கில் தொந்தரவே இல்லாமல் இருப்பவர், மாற வேண்டிய கட்டாயமில்லை. நீல பம்பையும் உடன் வைத்திருந்தால் போதும். கர்ப்பிணிகள் இன்ஹேலரை நிறுத்தவே கூடாது, ஏனெனில் தாய்க்கு மூச்சு முட்டினால் சிசுவுக்கும் ஆக்சிஜன் குறையும். கண்நீர் அழுத்தத்துக்கு டைமோலால் சொட்டு மருந்து விடும் முதியவருக்கு எந்த இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாவிட்டால், காரணம் அந்தச் சொட்டு மருந்தாகவே இருக்கலாம். அது மூச்சுக்குழாயை இறுக்கக் கூடியது, கண் மருத்துவரிடம் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், விரிப்பு மருந்தின் பலன் மூன்று நான்கு மணி நேரம்கூடத் தாங்காவிட்டால், ஒப்பீட்டுக்கு அங்கே இடமில்லை. கையில் இருக்கும் விரைவு மருந்தை, சால்பூட்டமாலானால் ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக நான்கு பஃப் கொடுத்துவிட்டு, 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை மீண்டும் கொடுக்கலாம்.

மற்றபடி, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கடந்த ஓராண்டில் தீர்ந்த நீலக் குப்பிகளை, தூக்கி எறியாமல் வைத்திருந்தால், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் எங்கள் கடை மாதிரியான இடங்களில் பழைய பில்லை எடுத்து எண்ணித் தருவார்கள். மூன்றோ அதற்கு மேலோ என்றால், “நீல பம்பையே தொடரலாமா?” என்று நீங்கள் கேட்கும் முன்பே மருத்துவருக்குப் பதில் தெரிந்துவிடும்.